தேய்ப்பதற்கு முன் கேளுங்கள்: பரண் சாமான்களையும் அவற்றின் கதைகளையும் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பாயி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு பித்தளைத் தவலை இறங்கியது. இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க முடிந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளி வைத்து அடித்த எழுத்து: மு. செ. எங்கள் குடும்பத்தில் அந்த முதலெழுத்தில் யாருமே கிடையாது. பேர் வெட்டுகிறவர் தப்பாக வெட்டியிருப்பார் என்றான் தம்பி. சரி, எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவாகி, வாசலில் வண்டியும் வந்து நின்றுவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரிய அத்தை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நம்மளுது இல்லடா. உங்க அப்பா கல்யாணத்துக்கு எதிர்வீட்டுலேர்ந்து வாங்குனது. திருப்பிக் குடுக்குறப்ப மாறிப் போச்சு. நம்ம தவலை அங்க கெடக்கு. உங்க அப்பாயி ரெண்டு தடவ கேட்டுச்சு, அவங்களும் ரெண்டு தடவ கேட்டாங்க. இன்னிக்கு மாத்திக்கலாம் நாளைக்கு மாத்திக்கலாம்னு நாப்பது வருஷம் ஓடிப் போச்சு."

காவிரி டெல்டா கிராமங்களில் கல்யாணம் என்றால் தெருவே பாத்திரம் கொடுக்கும். அண்டா ஒரு வீட்டிலிருந்து, தவலை ஒரு வீட்டிலிருந்து, கரண்டி இன்னொரு வீட்டிலிருந்து. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற வழக்கத்துக்கு இது ஒரு பெரிய காரணம். நாங்கள் எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டோம். எங்கள் தவலையை அவர்கள் 3 வருஷத்துக்கு முன்பே எடைக்குப் போட்டிருந்தார்கள். யார் பேர் என்று தெரியவில்லை, அதனால் போட்டுவிட்டோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் வீடு காலி செய்யும்போதெல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படி நாலைந்து பரண்களை இறக்கியதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். பழைய பொருளைக் காப்பாற்றுவது பற்றி யார் எழுதினாலும் எதைக் கொண்டு தேய்ப்பது என்றுதான் தொடங்குவார்கள். இங்கே அது ஐந்தாவது படி.

1. நாள் பார்த்து இறக்குங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் பரணைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் டெல்டா வீடுகளின் சுவரே வியர்க்கும். பெட்டியைத் திறந்தால் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தை பாதிக்கு மேல் மாசி வரை நல்ல நாட்கள். வெயில் காய்கிறது, காற்று உலர்ந்திருக்கிறது, சம்பா அறுவடைக்காக வெளியூரில் இருப்பவர்களும் ஒரு நடை வந்துபோவார்கள்.

போகிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். "பழையன கழிதல்" என்ற வேகத்தில் எது எரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தெரிந்த வீட்டில் ஒரு கட்டு ஓலை, வெந்நீர் அடுப்புக்குப் போகாமல் தப்பிப் போகித் தீயில் போனது. இந்த ஆற்றங்கரையில் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் விட்ட வழக்கமும் உண்டு. 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியதற்கு எதிரே நின்ற எதிரிகள் கரையானும் இந்த வழக்கமும்தான்.

இறக்கும் நாளில் வீட்டின் மூத்த பெண்மணி ஒருவராவது இருக்க வேண்டும். ஆண்களுக்குப் பத்திரம் தெரியும், நிலம் தெரியும். எந்த உருளி யார் சீர் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். இன்னொரு விதி: அன்றைக்கு எதையும் கழிக்கக் கூடாது. இறக்குவதும் கழிப்பதும் ஒரே நாளில் நடந்தால் களைப்பில் எல்லாமே குப்பையாகத் தெரியும். சாயங்காலம் 5 மணிக்கு மேல் எடுத்த முடிவுகளுக்காகத்தான் நான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

2. கேளுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். போனில் குரல் பதிவை ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். கேமராவை நீட்டினால் அத்தைகள் தலையைச் சரிசெய்துகொண்டு புத்தகத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பொருளை அவர்கள் கையில் கொடுங்கள். கை பட்டதும் வாய் திறக்கும். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

"இதோட கதை என்ன?" என்று கேட்டால் "கதை என்ன கதை, சும்மா பழைய பாத்திரம்" என்றுதான் பதில் வரும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இதை யார் தேய்ப்பாங்க? இதுல என்ன சமைப்பாங்க, எத்தனை பேருக்கு? இது எந்தச் சுவரோரம் இருந்துச்சு? இதை அடகு வச்சதுண்டா, எப்ப மீட்டாங்க? யாராச்சும் இதுக்காகச் சண்டை போட்டாங்களா? கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் உண்மையான பதில் வரும். ஒரு காசுமாலை எத்தனை தடவை அடகுக்குப் போய்த் திரும்பியது என்று தெரிந்தால் அந்த வீட்டின் நல்ல வருஷம், கெட்ட வருஷம் எல்லாம் தெரிந்துவிடும். குறுவை பொய்த்த வருஷம், மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாமே அடகுச்சீட்டில் இருக்கும்.

இனிக்காத கதைகளும் வரும். அவற்றையும் பதிவு செய்யுங்கள். என் தப்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாயி வீட்டில் நெல் அளக்கிற, இரும்புப் பட்டை போட்ட மரக்கால் இரண்டு இருந்தன. எதற்கு இரண்டு என்று ஒன்றை நானே பழைய இரும்புக் கடையில் போட்டேன். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு வாரம் அளக்குறது, ஒண்ணு கூலி அளக்குறது" என்றார். வாரம் என்றால் குத்தகைக்காரர் நிலக்காரருக்கு அளக்கும் பங்கு நெல். இரண்டும் ஒரே அளவு இல்லையாம்.

வாய்ப்பாட்டில் 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். களத்தில் அப்படி இல்லை. வாங்குவதற்குப் பெரியது, கொடுப்பதற்குச் சின்னது என்று வைத்திருந்த வீடுகள் இருந்தன. எங்கள் வீடும் அதில் ஒன்று. இந்த மண்ணில் நெல் கூலிக்காக நடந்த போராட்டம் சின்னதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டம்தான். எங்கள் வீட்டு இரண்டு மரக்காலையும் பக்கத்தில் வைத்து நெல்லைக் கொட்டி அளந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் வித்தியாசம் தெரிந்திருக்கும். இப்போது மிச்சமிருக்கும் ஒன்று எதை அளந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் கூலி நெல்லை வாங்கிய குடும்பங்களில் தவலையும் உருளியும் இருக்காது. அதற்காகப் பரம்பரைப் பொருள் இல்லை என்று ஆகிவிடாது. பல் தேய்ந்த கருக்கரிவாள், சங்கத்தின் உறுப்பினர் அட்டை, ரேஷன் கார்டு, மண் கலயம், இவையெல்லாம் அதே மரியாதையோடு பதிவேட்டில் ஏற வேண்டியவை. நடவுப் பாட்டும் தாலாட்டும் பொருளே இல்லாத பரம்பரைச் சொத்து. பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். முதல் நாள் ஒன்றுமே நினைவில்லை என்பார்கள். மறுநாள் அரிசி புடைத்துக்கொண்டே பாடுவார்கள்.

3. பொருளையே படியுங்கள்

சொல்ல ஆளில்லாத பொருள்களும் இருக்கும். அவை கொஞ்சம் தாமே பேசும்.

பாத்திரத்தில் வெட்டிய பேரை எளிதாகப் படிக்க ஒரு வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தேய்ந்துபோன புள்ளிகள்கூட நிழல் விழுந்து தெரியும். இன்னும் தெளிவு வேண்டுமென்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தீட்டுங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பேரா, அப்பா பேரா என்று கவனியுங்கள். முதலெழுத்து பிறந்த வீட்டுடையதாக இருந்தால் அது சீராக வந்தது. புகுந்த வீட்டுடையதாக இருந்தால் அவர்கள் தாமே வாங்கியது. எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விசாரிக்க நல்ல தொடக்கம்.

தமிழ் எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௫ ரு மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். 1936 என்பதை ௧௯௩௬ என்றும் எழுதுவார்கள். பழைய முறையில் ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக்குறி போட்டு ௲௯௱௩௰௬ என்றும் எழுதுவார்கள்.

வருஷப் பேர்தான் ஏமாற்றும். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பேர் திரும்பி வரும். "நள வருஷம் தை மாதம்" என்று இருந்தால் 1916 சித்திரையில் பிறந்த நளவா, 1976 நளவா என்று பார்க்க வேண்டும். தை என்றால் ஆங்கில ஆண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடும், 1917 அல்லது 1977. யார் கல்யாணம் என்று கேட்டால் தீர்ந்துவிடும்.

நிலப் பத்திரங்களிலும் கிஸ்தி (நிலவரி) ரசீதுகளிலும் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு போட்டிருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள்: பசலி 1350 என்றால் 1940 ஜூலையில் தொடங்கிய வருஷம். விலை அணாவில் எழுதியிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அப்போதுதான் நயா பைசா வந்தது. முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா முகமும் காலம் சொல்லும்.

தகரப் பெட்டி, தோல் பெட்டி இருந்தால் மூடியின் உட்பக்கத்தையும் பக்கவாட்டையும் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பலின் சீட்டு ஒட்டியிருக்கலாம். கூத்தாநல்லூர், நாகூர் பக்கத்து வீடுகளில் மலாயாவிலிருந்து வந்த பீங்கான், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி எல்லாம் இன்னும் உண்டு. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம் என்றால், அவ்வளவு தூரம் தூக்கி வந்த பொருள் எது, விட்டு வந்தது எது என்று இரண்டையும் கேளுங்கள்.

4. பதிவேடு போடுங்கள்

ஆப், எக்செல் எல்லாம் இருக்கட்டும், முதலில் ஒரு கெட்டி அட்டை நோட்டு. பத்து வருஷம் கழித்து போன் மாறும், கடவுச்சொல் மறக்கும். நோட்டு பீரோவில் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"எண் 14. ஈயச் சொம்பு. சுற்றளவு ஒரு சாண் ஒரு விரல். அடியில் இடது பக்கம் உருகிய வடு. அம்மாயி வீட்டிலிருந்து அம்மாவுக்கு வந்தது, கல்யாணத்துக்கு அல்ல, அண்ணன் பிறந்தபோது. வடுவுக்குக் காரணம் சின்னச் சித்தி. தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் கோலம் பார்க்கப் போய்விட்டார். சித்தி இதை மறுக்கிறார். சொன்னது: பெரியம்மா. இப்போது இருப்பது: அக்கா வீடு, தஞ்சாவூர்."

யார் சொன்னது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை. முக்கியமாக, உறவுமுறையோடு பேரையும் எழுதுங்கள். "அப்பாயி கொடுத்தது" என்று மட்டும் எழுதினால் உங்கள் பிள்ளை படிக்கும்போது அது வேறு ஓர் அப்பாயி ஆகிவிடும்.

படம் எடுப்பதற்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை 10 மணிக்குத் தாழ்வாரத்தில், நிழலில், வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்து எடுங்கள். முன்பக்கம், அடிப்பக்கம், எழுத்து, உடைந்த இடம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் போதும். படங்களை இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

5. இப்போது தேய்க்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல

புழங்குகிற பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குப் புளியே போதும். புளியின் புளிப்பு, களிம்பையும் கறுப்பையும் கரைக்கிறது. அதே புளிப்பு அங்கேயே தங்கிவிட்டால் மறுபடி களிம்பு ஏறும். அதனால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உடனே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். செங்கல் பொடி பளபளப்பு கொடுக்கும், கூடவே எழுத்தையும் தின்னும். பேர் வெட்டிய இடத்தில் கட்டைவிரலும் புளியும் மட்டும்.

பித்தளையில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே ஈயம் (வெள்ளீயம், காரீயம் அல்ல) பூசியிருக்க வேண்டும். பூச்சுப் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதீர்கள். ஈயம் பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெருவில் விசாரித்தால் ஆள் சொல்வார்கள். பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு சுழற்று சுழற்றுவார்கள். நவச்சாரப் புகை கண்ணை எரிக்கும், தள்ளி நின்று பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், வித்தை மாதிரி இருக்கும்.

ஈயச் சொம்பு தனி ரகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரி பக்கத்திலேயே நிற்பதால் பிழைக்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சித்தி கதைதான். பழைய சொம்பில் உடம்புக்கு ஆகாத காரீயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் உரசுங்கள். காரீயம் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு போடும். கோடு விழுந்தால் அது அலமாரிக்கு, ரசத்துக்கு அல்ல. சந்தேகம் தீரவில்லை என்றாலும் அப்படியே.

கல்சட்டி பரணில் பல வருஷம் கிடந்திருந்தால் நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள், விரிசல் விடும். எண்ணெயும் மஞ்சளும் தடவி ஒரு நாள், அப்புறம் சில நாட்கள் சூடான வடிகஞ்சி ஊற்றி ஊற வைத்து, பிறகு சின்னத் தீயில் தொடங்குங்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்றால் மரை கழற்றித் தனித்தனியாகத் துடையுங்கள். அடித்தட்டிலும் தண்டிலும் எண்ணெய் இறுகி மரை சுற்ற மறுத்தால் குறடு வைத்து முறுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் பிசுக்கு இளகும். உச்சியில் இருக்கும் அன்னத்தின் கண், இறகுக் கோடுகளுக்குப் பழைய டூத்பிரஷ் போதும்.

இனி தேய்க்கக் கூடாதவை. பழைய வெண்கலச் சிலை எதுவானாலும் புளி பக்கமே வேண்டாம். அந்தக் கறுப்புப் பச்சை மேல்பூச்சு பல காலம் எடுத்து உருவானது, உலோகத்துக்கு ஒரு போர்வை. உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடிக் குழைவில் மேடு எழுப்பி, அதன்மேல் தங்கத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே போனால் மேடு உப்பி உதிரும். பூஜை அறையில் இருந்தால் கண்ணாடிச் சட்டத்தோடு, விளக்குப் புகை எட்டாத சுவரில் மாட்டுங்கள்.

வெள்ளிக்கு விபூதி. நம் வீடுகளின் பழைய வழி, நல்ல வழி. டூத்பேஸ்ட்டில் அரம் இருக்கிறது, வேலைப்பாடு மழுங்கிவிடும்.

நகைகளில் கெம்பு வைத்த அட்டிகை, ராக்கொடி, ஜடை சாமான்களைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். கல்லுக்குப் பின்னால் மூடிய கூட்டில் மெல்லிய தகடு வைத்துத்தான் அந்த ஒளி. உள்ளே ஈரம் புகுந்தால் கல் குருடாகிவிடும். உள்ளே அரக்கு நிரப்பிய உருப்படிகளைச் சூடு காட்டவும் கூடாது. ஹால்மார்க் இல்லாத பழைய நகை செல்லாதாமே என்று பலர் அவசரமாக மாற்றிவிடுகிறார்கள். 2021 ஜூனில் வந்த கட்டாயம் கடைக்காரர் விற்பதற்கு; உங்களிடம் இருக்கும் பழைய நகையை வைத்துக்கொள்ளவும் விற்கவும் தடை இல்லை. உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எடை போட்டு, படம் எடுத்து, காசுமாலையில் ஒரே ஒரு காசையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவைக்கு மடிப்புதான் எமன். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே நைந்து கிழியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து ஓரத்தில் வைக்கலாம். மாயவரம் கூறைநாட்டுக் கூறைப்புடவை வைத்திருப்பவர்கள் தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் ஜாக்கிரதை. அவருக்கு வேண்டியது புடவை இல்லை, ஜரிகையில் இருக்கும் வெள்ளி. அதை எரித்துத்தான் எடுப்பார்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால் கயிற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள், காய்ந்த ஓலை அப்பளம் போல நொறுங்கும். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினால் ஓலை இளகும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் பழகியவர் கை செய்யட்டும். தஞ்சாவூரிலேயே சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது, 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள். ஜாதகக் கட்டாக இருக்கலாம், மாட்டு வைத்தியமாக இருக்கலாம், யார் கண்டது.

போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள். கண்ணாடியோடே, சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். பின்பக்கம் பேர் எழுத மென்மையான பென்சில், பால்பாயின்ட் வேண்டாம். நிற்பவர்களை இடமிருந்து வலம் என்று எழுதுங்கள். மடியில் இருக்கும் குழந்தையை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு உயிரோடு இருப்பது பெரும்பாலும் அந்தக் குழந்தை மட்டும்தான்.

மரச்சாமானுக்கு வார்னிஷ் அடிக்கும் ஆசையை அடக்குங்கள். ஊஞ்சல் பலகையில் நடு இடம் மட்டும் வழவழவென்று இருப்பது நான்கு தலைமுறை உட்கார்ந்து போட்ட மெருகு. ஆனால் சங்கிலியையும் உத்திரத்து வளையத்தையும் ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டையே இடிப்பதாக இருந்தால் உத்திரம், தூண் என்ன மரம் என்றும் கேளுங்கள். ஆச்சா மரமாக இருந்தால் விறகுக்குப் போடாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீட்டிலிருந்து கழற்றிய, நன்றாக ஈரம் வற்றிய ஆச்சாவைத்தான் தேடுகிறார்கள்.

6. வைக்கும் இடம்

டெல்டாவில் மூன்று எதிரிகள்: ஈரம், கரையான், தாளையும் துணியையும் அரிக்கும் ராமபாணப் பூச்சி. மூன்றுக்கும் ஒரே மருந்து, சுவரை ஒட்டாமல், தரையைத் தொடாமல் வைப்பது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தாள், துணி, படம் எல்லாம் தரைமட்டத்தில் இருக்கவே கூடாது. அதே சமயம் ஓட்டுக்கு நேர் கீழேயும் கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தண்ணீர் கீழேயிருந்து வரவில்லை, ஓடு பறந்து மேலேயிருந்து வந்தது. பரணில் பத்திரமாக இருந்ததெல்லாம் முதலில் நனைந்தது.

ஐப்பசி பிறப்பதற்கு முன் பத்திரம், ஆல்பம், நோட்டு மூன்றையும் மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டுக் கட்டிலுக்கு மேல் உயரமுள்ள உள் அலமாரியில் வையுங்கள். ஆல்பம் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், சுருண்டுவிடும். தாளுக்குத் தாள் இடையில் வெள்ளைத் துணி வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உடனே முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூசணம் பிடிக்காமல் சில நாள் தாங்கும்.

7. சட்டம், சுருக்கமாக

நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. சிலை, ஓவியம் போன்ற சில வகைகளை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, பேரன் அமெரிக்காவில் ஆசையாகக் கேட்டாலும் சரி. மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் அது உங்கள் பரம்பரைச் சொத்து ஆகாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

8. பிரிப்பது

நிலத்தைப் பிரிப்பதைவிட உருளியைப் பிரிப்பது கஷ்டம். நிலத்துக்கு ஏக்கர் கணக்கு இருக்கிறது. இந்து வாரிசுச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் உரிமை கொடுத்தாயிற்று. பரண் சாமானில் மட்டும் "அவதான் சீர் வாங்கிட்டுப் போயிட்டாளே" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

எங்கள் வீட்டில் செய்தது: பதிவேட்டைச் சத்தமாகப் படித்தோம். ஒவ்வொருவரும் தங்களுக்கு எது வேண்டும், ஏன் வேண்டும் என்று தாளில் எழுதினார்கள். ஒரே பொருளை இருவர் கேட்டது மூன்றே மூன்று. அவற்றுக்குத் திருவுளச்சீட்டு, எடுத்தது வீட்டின் கடைக்குட்டி. பண மதிப்புள்ள நகையைத் தனியாக எடைப்படி பிரித்தோம், இரண்டையும் கலக்கவில்லை. கலந்தால் அட்டிகையும் அரிவாள்மணையும் ஒரே சண்டையில் மாட்டிக்கொள்ளும். ஆச்சரியமாக, யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்த பல்லாங்குழிப் பலகைக்குத்தான் இருவர் போட்டி போட்டார்கள். குழிகளில் ஒன்று உடைந்திருக்கும்; அதில் சோழி போட்டால் நழுவும், அப்பாயி எப்போதும் அந்தக் குழியை எதிராளி பக்கம் திருப்பி வைக்கும் என்பது பதிவில் வந்திருந்தது.

பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் கையால் கொடுக்கச் சொல்வது இதைவிட நல்லது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

9. புழங்குங்கள்

அலமாரியில் பூட்டினால் அடுத்த தலைமுறைக்குச் சாவி மட்டும்தான் போகும். வருஷத்தில் சில நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்கு வெண்கலப் பானை. ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போக அந்தப் பழைய தூக்கு. சரஸ்வதி பூஜைக்குப் பதிவேட்டையும் மற்றப் புத்தகங்களோடு அடுக்கில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது பிள்ளைகளை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள், புதிதாக நடந்ததைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பொருள் அடிபடும், நசுங்கும். நசுங்கினால் தேதி போட்டு யார் நசுக்கியது என்று எழுதிக்கொள்ளலாம், சித்தி மாதிரி மறுக்க முடியாது.

மு. செ. தவலை இப்போது அதே தெருவில் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. இருக்கிறது என்றா சொன்னேன்? போன தையில் எதிர்வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம். வெந்நீர் வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டுமென்று கேட்டார்கள், சித்தப்பா கொடுத்தார். நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டேன். இன்னும் திரும்பி வரவில்லை.